அம்மாவின் நிரையில் நின்ற மரம்

அம்பிட்டிய
11.06.2023

அன்புத் தங்கச்சி றேணுகாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் கிறேஸ் அண்ணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி? மச்சான் தியாகராஜா சுகமா? அந்தப் பக்கம் இப்போது காற்றுக் காலம், கூரைத் தகரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்.

என் காது முன்னையைவிட மோசம். ஃபோனில் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று விளங்கிக்கொள்கிறேன். கடைசியில் இரண்டு பேருக்கும் கோபம்தான் மிச்சம். இனிமேல் கடிதமே நமக்கு நல்லது.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் நேரமெல்லாம் தோட்டத்தில்தான். நீ வந்தால் வீட்டின் முன்பக்கத்தை அடையாளம் காணமாட்டாய். கேற்றிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் செடிகளை உருண்டை உருண்டையாக வெட்டி நிறுத்தியிருக்கிறேன். சட்டிகளில் ஆல், புளி, போகன்விலா. போன்சாய் என்பார்கள், தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். கொப்பில் கம்பி சுற்றி வேண்டிய பக்கம் வளைத்து, துளிரை நுள்ளி நுள்ளி, ஒரு பெரிய மரத்தின் தோற்றத்தை முழ உயரத்தில் கொண்டுவருவது. கண்டியில் இதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. டொக்டர் எஸ்ரன்தான் தலைவர். ஓய்வு பெற்ற நீதவான், கல்லூரி அதிபர் என்று எல்லோரும் பெரிய இடத்து மனிதர்கள். போன வருடம் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு உதவி வேண்டும். நம் தோட்டத்தில் மேல்மலை காடாகப் போய்விட்டது, அங்கே இனிக் கொழுந்து எடுப்பதில்லை என்று நீ முன்பு சொன்னாய். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை அது. அப்படிப்பட்ட ஒரு பழைய கட்டை சட்டியில் நின்றால் அதன் அழகே தனி. இங்கே ஒருவரிடமும் இல்லை. மச்சான்தானே அந்த மலைக்குக் காவல். தடித்த அடியும் கோணல்மாணலான உடம்புமுள்ள ஒன்றைப் பார்த்து, வேர் அறுபடாமல் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பச் சொல். யாரிடமும் பெரிதாகச் சொல்ல வேண்டாம்.

வீட்டைப் பார்க்க வர வேண்டும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. இப்போது நிலத்துக்கு ஓடு பதிக்கிற வேலை நடக்கிறது. தூசி பட்டால் அண்ணிக்கு இழுப்பு வந்துவிடும், விருந்தாட்களைக் கவனிக்க முடியாமல் கஷ்டப்படுகிறாள். எல்லாம் முடியட்டும், எழுதுகிறேன்.

அன்புடன் அண்ணன்,
பற்றிக்


ஹுன்னஸ்கிரிய
02.07.2023

பாசமுள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதும் மடல். உங்களுக்கும் அண்ணிக்கும் மாதாவின் துணை எப்போதும் இருக்கட்டும். எனக்கு முழங்கால் ஏறும்போது வலி இல்லை, இறங்கும்போதுதான். அண்ணிக்கு இழுப்பு என்று எழுதியிருந்தீர்கள். துளசியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கக் கொடுங்கள்.

மரம் நல்லபடியாக வந்து சேர்ந்திருக்கும். அதை எடுத்த கதையைச் சொல்லவேண்டும். அவர் ஏதாவது ஒரு கட்டையைத் தோண்டிக்கொண்டு வருகிறேன் என்றுதான் புறப்பட்டார். அம்மாவோடு கொழுந்தெடுத்த வீரம்மா அக்கா கேள்விப்பட்டுத் தானும் வருவேன் என்று நின்றார். அந்த வயதில் கம்பை ஊன்றிக்கொண்டு மேல்மலைக்கு ஏறினார். நானும் போனேன். பற்றையை வெட்டி விலக்கினால், ஆளுக்கொன்றாய்ப் பிரித்துக் கொழுந்தெடுத்த நிரைகள் அப்படியே இருக்கின்றன அண்ணா. வீரம்மா அக்கா ஒரு மரத்தைத் தொட்டுக்கொண்டு, "இது ஒங்கம்மா நிரைடி. இந்தக் கல்லுல கூடையச் சாச்சு வச்சுட்டுத்தான் அவ வெத்தல போடுவா" என்றார். பிறகு வேறு மரம் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாளாக அவர் கையாலேயே மண்ணைக் கிண்டி வேரை எடுத்தார். மரக்கறி லொறிக்காரரோடு பேசி அவரே கூட வந்தார்.

உங்கள் வீடு மிக அழகு என்று சொன்னார். தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டேன். லொறி நின்றது, அவசரமாக வந்துவிட்டேன் என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக ஒரு ஊருக்குப் போய்வந்தால் வாரக்கணக்கில் கதை சொல்லும் மனிதர் அவர்.

ஓடு பதித்து முடிந்ததும் எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
றேணுகா


அம்பிட்டிய
20.08.2023

அன்புள்ள றேணு,

நாங்கள் சுகம். நீயும் மச்சானும் நல்லாயிருக்க வேண்டும் என்று அண்ணி ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுதிரி கொளுத்துகிறாள்.

மரம் பிழைத்துவிட்டது. முதல் கிழமைகளில் எனக்கு நித்திரையே இல்லை. நிழல் வலைக்குக் கீழே ஆற்று மணலில் நட்டு, காலையும் மாலையும் நீர் தெளித்தேன். ஆடி கடைசியில் பட்டைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. இப்போது உடம்பெல்லாம் துளிர். அடிமரத்தில் ஒரு பக்கம் உக்கிக் குகைபோல் இருக்கிறது. பல் துலக்கும் பிரஷால் அந்த உக்கலைச் சுத்தம் செய்து மருந்து பூசினேன். அந்தப் பொந்துதான் மரத்துக்கே வடிவு என்று டொக்டர் எஸ்ரன் சொன்னார்.

தலைப்பக்கம் தட்டையாக இருக்கிறது. கவ்வாத்தில் தலைக்கொப்புகளை வெட்டியும் கொழுந்து கிள்ளியும் வந்த தட்டை. அதை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பக்கக் கொப்புகளுக்கு மட்டும் கம்பி சுற்றுவேன்.

மச்சான் வந்த அன்று அண்ணியின் மாதா சபைப் பெண்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். உட்காரச் சொல்லி உபசரிக்க முடியவில்லை. மச்சானும் லொறி நிற்கிறது என்று அவசரப்பட்டார். அவர் மனதில் வைத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும்.

ஓடு வேலை இழுத்துக்கொண்டே போகிறது.

அன்புடன்,
பற்றிக் அண்ணன்


ஹுன்னஸ்கிரிய
14.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

பிறந்திருக்கும் வருடம் உங்கள் வீட்டில் சந்தோஷத்தைத் தரட்டும். நாளைக்குப் பொங்கல். அவருக்காக நான் பொங்குவேன், எனக்காக அவர் நத்தாருக்குக் குடில் கட்டினார். இப்படியே எங்கள் காலம் போகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அம்மாவின் மரம் எப்படி இருக்கிறது? வீரம்மா அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். சட்டியில் வைத்து வளர்க்கிறார் என்றால் நம்பமாட்டேன் என்கிறார். ஒரு படம் அனுப்புங்கள், காட்டவேண்டும்.

மார்கழியில் முழங்காலைக் காட்டக் கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நேரத்தோடு முடிந்துவிட்டது. பஸ் ஏறப் போன இடத்தில் அம்பிட்டிய பஸ் நின்றது. கொண்டக்டர் பிள்ளை "ஏறுங்கம்மா" என்றுகூடச் சொன்னான். நான் ஏறவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது சரியில்லையே.

அம்மாவின் நினைவு நாளுக்கு இந்த வருடமாவது நாம் இரண்டு பேரும் சேர்ந்து பூசை கொடுப்போமா? உங்கள் கோயிலிலோ எங்கள் கோயிலிலோ, எதுவானாலும் சரி.

அன்புத் தங்கச்சி,
றேணுகா


அம்பிட்டிய
29.09.2024

அன்பான றேணு,

தை மாதத்து உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது என் பிழைதான். கோபிக்காதே. இங்கே இருவரும் சுகம். அண்ணிக்கு மட்டும் இடைக்கிடை தலைச்சுற்று. அம்மாவின் பூசையை நான் இங்கே கொடுத்துவிட்டேன். திடீரென்று ஏற்பாடானது, உனக்கு அறிவிக்க நேரம் போதவில்லை.

ஒரு நல்ல செய்தி. இந்த மாதம் சங்கத்தின் கண்காட்சி நடந்தது. இன்னும் வடிவம் பழக்கிக்கொண்டிருக்கும் மரங்களின் பிரிவில் நம் தேயிலைக்கு முதலிடம் கிடைத்தது. கரும்பச்சைச் சட்டியில் பாசி பரப்பி வைத்திருந்தேன். சனம் அதைச் சுற்றியே நின்றது. கொழும்பிலிருந்து வந்த நடுவர் இரண்டு தடவை திரும்பி வந்து குனிந்து பார்த்தார். நூறு வயதான மரம் ஒன்று சோறு வைக்கும் பீங்கான் அளவு இடத்தில் நிற்கிறதே என்றார். கொப்பில் இரண்டு வெள்ளைப் பூவும் பூத்திருந்தது.

இங்கிலிஷ் பத்திரிகை ஒன்றில் படமும் என் பேட்டியும் வந்தது. அது உங்கள் பக்கம் வராது.

மச்சானுக்கு என் நன்றியைச் சொல். உடம்பைக் கவனி.

அன்புடன் அண்ணன்,
பற்றிக்


ஹுன்னஸ்கிரிய
20.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலிடம் கிடைத்ததற்கு எங்கள் வாழ்த்து. அண்ணியின் தலைச்சுற்றுக்கு டொக்டரிடம் காட்டுங்கள், அப்படியே விடவேண்டாம்.

பத்திரிகை இங்கே வந்தது. தோட்டத்து ஒபீஸ் கிளாக்கர் ஐயாதான் காட்டினார். படத்தில் நீங்கள் கோட் போட்டிருந்தீர்கள். அம்மாவின் மரம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பிறகு அந்தப் பொந்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மிக வடிவாக இருந்தது. நம் தோட்டத்தின் பேரும் போட்டிருக்கிறது என்று ஐயா விரலை வைத்துக் காட்டினார். உள்ளே எழுதியிருந்ததையும் தமிழில் சொன்னார்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. அவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கூரையெல்லாம் சரிபார்த்து முடித்துவிட்டார். வேறு விசேஷம் இல்லை.

தங்கச்சி,
றேணுகா


அம்பிட்டிய
03.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகத்துக்கு இங்கே குறைவில்லை. உன் கடிதம் மிகச் சுருக்கமாக இருந்தது. மழையால் முழங்கால் வலி கூடிவிட்டதோ என்று அண்ணி கேட்டாள்.

பத்திரிகைக்காரர்கள் நாம் ஒன்று சொன்னால் அவர்கள் ஒன்று எழுதுவார்கள். அதையெல்லாம் பெரிதாக எடுக்க வேண்டாம். அந்த இடத்தில் நின்று நீட்டி விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது.

உனக்கு ஒரு சேலையும் மச்சானுக்கு ஒரு சேர்ட்டும் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். நத்தாருக்கு உடுத்துங்கள். மார்கழியில் சங்கத்தார் எல்லோரும் நம் வீட்டில் கூடுகிறார்கள், அந்த அமளி முடியட்டும். பிறகு ஒருநாள் நீங்கள் இருவரும் வரலாம்.

இன்னொரு விஷயம். டொக்டர் எஸ்ரனுக்கும் அப்படி ஒரு கட்டை வேண்டுமாம். மச்சான் வீட்டில்தானே இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். நேரம் இருந்தால் அதே மலையில் இன்னொன்று பார்க்கச் சொல்வாயா? இந்தமுறை கொஞ்சம் குட்டையாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
பற்றிக்


அம்பிட்டிய
01.12.2024

அன்பான றேணு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்கிறீர்களா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அனுப்பிய பார்சல் கிடைத்ததா என்றும் தெரியாது. மச்சானின் ஃபோனுக்கு அண்ணியைக் கொண்டு எடுப்பித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நான் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனா? அப்படியென்றால் சொல்லு. மரம் கேட்டது கஷ்டமென்றால் வேண்டாம், டொக்டரிடம் நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்


ஹுன்னஸ்கிரிய
08.12.2024

அண்ணாவுக்கு,

மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். பார்சல் கிடைத்தது. பிரிக்கவில்லை.

எழுதக் கூடாது என்று இருந்தேன். அவரும் எழுதாதே என்றுதான் சொன்னார். நீங்கள் இன்னொரு மரம் கேட்ட கடிதத்தை அவருக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அதை வீரம்மா அக்காவிடம் சொல்லி அழுதேன். "ஒளிச்சு வச்சு யாரக் காப்பாத்தப்போற? ஒன் அண்ணனுக்கு எழுது" என்று அவர்தான் ஏசினார்.

பத்திரிகையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கிளாக்கர் ஐயா சொன்னார். இந்தத் தோட்டத்துத் துரை உங்கள் பழைய சிநேகிதர், அவர் அன்பளிப்பாகத் தந்த மரம், இப்படி எத்தனையோ கட்டைகள் அங்கே சும்மா கிடக்கின்றன என்று. உங்கள் குடும்பத்துக்கும் தேயிலைக்கும் பரம்பரைத் தொடர்பு என்றும் இருந்ததாம்.

அதைப் படித்துவிட்டுக் கொழும்பிலிருந்தும் எங்கிருந்தும் ஆட்கள் துரைக்கு ஃபோன் எடுத்து மரம் கேட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் தோட்டத்துச் சொத்தை யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று துரையிடம் விசாரித்திருக்கிறார்கள். அவருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. மேல்மலைக்குப் போய்ப் பார்த்தார், குழி அப்படியே இருந்தது. காவல்காரரைக் கூப்பிட்டார்.

இவர் மறைக்கவில்லை. "நாந்தாங்க தோண்டினேன்" என்றார். யாருக்கு என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கு விற்றாய் என்று கேட்டார்களாம், அதற்கும் பேசவில்லை. அன்றைக்கே காவல் வேலை போய்விட்டது. எனக்கும் முழங்காலால் மலைக்குப் போக முடியாது. வேலை செய்ய ஆள் இல்லாத குடும்பத்துக்கு வீடு இல்லை என்று, தை முடியும் முன் லயத்து வீட்டை விடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் சண்டை பிடித்தேன். "துரை குடுத்ததுன்னு அவரு ஊரறியச் சொல்லிட்டாரு. நான் போய் மச்சான்தான் கேட்டாருன்னு சொன்னா அவரு பொய்காரராயிருவாரு. என்னைய அங்க யாருக்குத் தெரியும், நான் கள்ளனா இருந்தா என்ன" என்றார். ஆனால் இங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும் அண்ணா. கோயில் கூட்டத்துக்குப் போனவர் பாதியில் எழும்பி வந்துவிட்டார். இப்போது விறகுக்குக்கூடப் பொழுது சாயும்போதுதான் போகிறார்.

நான் இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இதுதான். நீங்கள் சொன்னதை நான் அறிந்துகொண்டேன் என்று உங்களுக்குத் தெரியவந்தால் உங்களுக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். உங்கள் வெட்கத்தை நான் பட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

றேணுகா


அம்பிட்டிய
22.12.2024

என் தங்கச்சிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மச்சான் சாப்பிடுகிறாரா?

உன் கடிதத்தை விறாந்தையில் இருந்து வாசித்தேன். அண்ணி வந்து என் கையிலிருந்து வாங்கி வாசித்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து நீ எழுதிய மற்றக் கடிதங்களையும் எடுத்தாள். அவளுக்கு நான் எதையுமே முழுதாகக் காட்டியதில்லை. வாசித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "உங்கட தங்கச்சி இங்க வாறதை நான் எப்ப மறிச்சனான்? என்ர இழுப்பையும் தலைச்சுத்தையும் சொல்லி எத்தனை வருசம் தப்பிக்கொண்டிருந்தனீங்கள்?" அவள் சொன்னது சரி. ஓடு பதித்த வேலை இரண்டு கிழமையில் முடிந்தது றேணு. அவளுக்கு இழுப்பு வந்து பல வருடமாகிறது.

மச்சான் மரம் கொண்டுவந்த அன்று வீட்டில் மாதா சபைப் பெண்கள் யாரும் இல்லை. டொக்டர் எஸ்ரனும் இன்னும் இரண்டு பேரும் என் மரங்களைப் பார்த்துக்கொண்டு முன்பக்கம் நின்றார்கள். மச்சான் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு கேற்றில் நின்று "மச்சான்" என்று கூப்பிட வாயெடுத்தார். நான் ஓடிப்போய்ப் பின்பக்கக் கேற்றால் வரச் சொன்னேன். அவர்களிடம் திரும்பி வந்து, தோட்டத்திலிருந்து மரம் கொண்டுவந்த ஆள் என்றேன். மச்சானுக்கு அது கேட்டிருக்கும். அவர் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை நீ எழுதியபோதே எனக்குத் தெரியும், கேட்டிருக்கிறது என்று.

போன ஞாயிறு சங்கத்தார் வந்தார்கள். மரத்தைச் சுற்றி நின்று, அந்தத் துரை நண்பரை ஒருமுறை கூட்டத்துக்கு அழைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். நான் சொன்னேன், எனக்கு அவரைத் தெரியாது, என் தங்கையின் கணவர் தோண்டித் தந்த மரம், நான்தான் கேட்டேன், என் அம்மா கொழுந்தெடுத்த நிரை, நான் பிறந்தது அந்த லயத்தில், இப்போது என்னால் அவருக்கு வேலை போய்விட்டது என்று. எல்லோரும் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார்கள். சங்கத்தின் பெயர் கெடாமல் விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொன்னார். நீதவானின் மனைவி, "அப்ப நீங்க யாழ்ப்பாணம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு கேக் சாப்பிட்டார்கள். இளைஞனாக வங்கியில் சேர்ந்து யாழ்ப்பாணத்தான் என்று காட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த பொழுது அது. ஒரு துண்டு கேக் சாப்பிடும் நேரம்கூட எடுக்கவில்லை. அதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. இதற்காகவா உன்னைத் தெருவில் நிறுத்தினேன்?

புதன்கிழமை ஒரு வான் பிடித்து மரத்தையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தோட்டத்து ஒபீசுக்கு வந்தேன். துரை இளைஞர், சிங்களவர், தோட்டத்துத் தமிழ் பேசுகிறார். எல்லாவற்றையும் சொன்னேன். தியாகராஜா விற்கவில்லை, நான் அவர் மச்சான், நான் கேட்டதால் தந்தார், பத்திரிகையில் பொய் சொன்னதும் நான் என்றேன். அவர் கிளாக்கரைப் பார்த்துவிட்டு, "அப்ப திருடின ஆள் நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒபீசுக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள், எல்லோருக்கும் கேட்டது. கம்பெனிக்குத் தன் கையாலேயே நடந்ததை எழுதுவதாகச் சொன்னார். வீட்டை எடுக்கமாட்டார்களாம். காவல் வேலை திரும்பக் கிடைக்காது, காவல்காரர் தோண்டியது தோண்டியதுதான் என்றார். கவ்வாத்து வெட்டும் ஆட்களோடு மச்சானைச் சேர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். மரத்தைத் திரும்ப நட முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். பங்களாவுக்குக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் உங்கள் லயத்துக்குக் கீழே வானை நிறுத்தி இறங்கினேன். மேலே கொடியில் ஒருவர் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நீயாக இருக்கலாம். படிக்கட்டின் முதல் படிவரைக்கும் வந்தேன். மச்சானின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நின்றுவிட்டு, சாரதியிடம் திருப்பச் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

உன் அண்ணன்,
பற்றிக்


ஹுன்னஸ்கிரிய
29.12.2024

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

பாலன் பிறந்த நாட்களில் உங்கள் வீட்டில் சமாதானம் இருக்கட்டும். நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அண்ணிக்கு இழுப்பு இல்லை என்று அறிந்து சந்தோஷம். இத்தனை நாளும் அதற்காகவும் செபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

துரை கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளிக்கிழமை முதல் இவர் கவ்வாத்துக்குப் போகிறார். இந்த வயதில் அது பாரமான வேலை, தோள் வீங்கி வருகிறார். ஆனால் காலையில் எல்லோரோடும் சேர்ந்து, எல்லோரும் பார்க்க, ரோட்டு வழியாக நடந்து போகிறார். ஒபீசில் நீங்கள் சொன்னது அன்று சாயங்காலமே எல்லா லயத்துக்கும் தெரிந்துவிட்டது. கள்ளன் என்று சொன்ன வாய்களெல்லாம் இப்போது வேறு கதை பேசுகின்றன. உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மரம் பங்களா வாசலில் நிற்கிறது. பங்களாவில் வேலை செய்யும் பிள்ளை சொன்னாள், நத்தாருக்கு வந்தவர்களுக்குத் துரை அதைக் காட்டி, தானே வளர்த்து எடுத்த மரம் என்று சொன்னாராம். அதைக் கேட்டு இவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தது நான்தான் அண்ணா. வான் வந்து நின்றதைப் பார்த்தேன். இறங்கியது நீங்கள் என்று நடையிலேயே தெரிந்துவிட்டது. தலை முழுக்க நரைத்துப்போய் இருந்தீர்கள். நீங்கள் ஒபீசுக்கு வந்துபோன கதை எனக்கு அப்போது தெரியாது. எனக்காகத்தான் வருகிறீர்கள் என்று நினைத்துத் துணியைக் கீழே போட்டுவிட்டு முடியை அள்ளிக் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் வான் திரும்பிக்கொண்டிருந்தது.

இரவு சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "அவரு எனக்காக வந்தாரு. ஒனக்காக வரல" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் என் சோற்றை மூடி வைத்துவிட்டு எழும்பினேன்.

அவருக்குச் செய்ததை நீங்கள் ஒபீசில் நின்று தீர்த்துவிட்டீர்கள். எனக்குச் செய்ததை அங்கே தீர்க்க முடியாது. பஸ் தரிப்பிடத்தில் அம்பிட்டிய பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றது நான். அம்மாவின் பூசையை அறியாமல் இருந்தது நான். இதையெல்லாம் துரையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதலாம். எழுதினால் பொய்யாக இருக்கும். நம் இருவருக்கும் இடையில் பொய் போதும்.

வருகிற ஞாயிறு அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வான் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். கடை முன்னால் இறங்கி நடந்து வாருங்கள். படியில் நின்றுவிடாமல் ஏறி வாருங்கள். வந்ததும் உங்களை ஏசுவேன். மனதில் இருக்கும் எல்லாவற்றையும் சொல்லி ஏசுவேன், பக்கத்துக் காம்பராக்காரர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கவேண்டும், போய்விடக் கூடாது. நான் ஏசி முடித்த பிறகுதான் அவர்களைப் பார்த்து, இவர் என் அண்ணன் என்று சொல்வேன்.

உங்கள் தங்கச்சி,
றேணுகா